காந்தஹாருக்குப் போகாத இரயில்

2025 மார்ச் 11ஆம் தேதி, குவெட்டாவிலிருந்து பெஷாவருக்குப் புறப்பட்ட ஜாஃபர் எக்ஸ்பிரஸ் இரயில் பலுசிஸ்தானின் போலன் கணவாயில் வழிமறிக்கப்பட்டது. தண்டவாளத்தை வெடிவைத்துத் தகர்த்த பலூச் ஆயுதக் குழுவினர், நானூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு இரயிலைப் பிடித்து வைத்துக்கொண்டனர். மறுநாள் மாலை இராணுவ நடவடிக்கை முடியும்வரை, வெளியுலகம் அதிகம் கேள்விப்படாத அந்த மலைகளும் சுரங்கப்பாதைகளும் உலகச் செய்தியாக இருந்தன.

அந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும். புல்கூட முளைக்காத மொட்டை மலைகள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஊரில்லை. இங்கே போய் யார் இரயில் பாதை போட்டார்கள்? யார் ஏறுவதற்காகப் போட்டார்கள்?

பிரிட்டிஷார்தான் போட்டார்கள். ஆனால் அங்கே வசித்தவர்கள் ஏறிப் போவதற்காகப் போடவில்லை.

மலேசியத் தமிழருக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கு, அதாவது இன்றைய கோலா செபெத்தாங்கிற்கு, 1885இல் முதல் இரயில் ஓடியது. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகத்தான் அந்தப் பாதை. பின்னால் ரப்பர் வந்தது, தோட்டங்கள் பெருகின, ஆட்கள் வந்தார்கள், இரயிலும் நீண்டது. சரக்கு இருந்த இடத்தைத் தேடித் தண்டவாளம் போனது. அதே 1885ஆம் ஆண்டில், அதே பிரிட்டிஷ் பேரரசு போலன் கணவாயிலும் இரவுபகலாகத் தண்டவாளம் பதித்துக்கொண்டிருந்தது. அங்கே ஏற்றுவதற்குச் சரக்கு எதுவும் காத்திருக்கவில்லை. ஏற்ற வேண்டியிருந்தது பீரங்கிகளையும் சிப்பாய்களையும்தான்.

இரஷ்யா வருகிறது என்ற பயம்

1843இல் சிந்து, 1849இல் பஞ்சாப். இவ்விரண்டையும் பிடித்த பிறகு பிரிட்டிஷ் இந்தியாவின் எல்லை மலையடிவாரத்தில் போய் முட்டியது. அதற்கப்பால் ஆப்கானிஸ்தான். இரண்டுக்கும் நடுவில் இருந்த மலைத்தொடர் யாருக்கும் முழுமையாகக் கட்டுப்படாத இனக்குழுக்களின் நிலம். தெற்கே மரி, புக்டி முதலிய பலூச் இனத்தவரும் பிராகூய் மக்களும், வடக்கே அஃப்ரிடி, ஷின்வாரி, மொஹ்மந்த் முதலிய பஷ்தூன் இனத்தவரும் வாழ்ந்தனர். ஆடு மேய்ப்பு, கொஞ்சம் விவசாயம், கணவாய் வழியாகப் போகும் வணிகக் கூட்டங்களிடம் சுங்கம் வாங்குவது, சமயத்தில் கொள்ளை. இதுதான் அவர்களுடைய பிழைப்பு. பிரிட்டிஷ் ஆவணங்கள் கொள்ளையைப் பற்றி நிறையப் பேசும். ஆனால் கணவாய்ச் சுங்கம் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வருமானம், ஓர் உரிமை.

மறுபக்கம் இரஷ்யா மத்திய ஆசியாவில் ஒவ்வொரு நகரமாக விழுங்கிக்கொண்டு வந்தது. 1865இல் தாஷ்கந்து, 1868இல் சமர்கந்து, 1873இல் கீவா. இதைப் பார்த்துக் கல்கத்தாவிலும் லண்டனிலும் இரு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

ஒரு கட்சி, மலைக்குள் போகாதே என்றது. சிந்து நதிக்கரையில் நில், இரஷ்யன் அந்தப் பாலைவனத்தையும் மலையையும் தாண்டி வருவதற்குள் களைத்துப் போவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம். 1864 முதல் 1869 வரை வைஸ்ராயாக இருந்த ஜான் லாரன்ஸ் இந்தக் கருத்துக்காரர். மற்றொரு கட்சி, மலைகளைக் கடந்து கணவாய்களின் அந்தப் பக்க வாசலைப் பிடி என்றது. குவெட்டாவைக் கையில் வைத்திருப்பவன்தான் காந்தஹார் சாலையைக் கையில் வைத்திருப்பான் என்பது இவர்கள் வாதம். 1876இல் வைஸ்ராயாக வந்த லிட்டன் பிரபு இந்தக் கட்சி.

இந்த இரு கட்சிகளின் சண்டையை அரசாங்கக் கோப்புகளில் தேடிப் படிக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டில் தண்டவாளம் போடத் தொடங்கினார்கள், எந்த ஆண்டில் நிறுத்தினார்கள், எந்த ஆண்டில் பெயர்த்து எடுத்தார்கள் என்று பார்த்தாலே போதும். இலண்டனில் ஆட்சி மாறினால் பலுசிஸ்தானில் பாதை நின்றது.

கங்காணிக்குக் கொடுத்த காசு

முதல் வேலை, அனுமதி வாங்குவது. பலுசிஸ்தானின் பெரும்பகுதி பெயரளவில் கலாத் கானின் ஆட்சியில் இருந்தது. அவர் பெயர் மீர் குதாதாத் கான். 1876 டிசம்பரில் ஜேக்கபாபாத்தில் அவரோடு ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. குவெட்டாவில் படை நிறுத்தவும், இரயில் பாதையும் தந்திக் கம்பியும் போடவும் அவர் சம்மதித்தார். பதிலுக்கு அவருக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த 50,000 ரூபாய் ஒரு லட்சமாக உயர்ந்தது. 1883இல் குவெட்டா ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்குக் குத்தகையாகப் போனது. போலன் கணவாயில் சுங்கம் வசூலிக்கும் உரிமையும் ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்குக் கைமாறியது. கையெழுத்துப் போட்டவர் கான். கணவாயில் காலங்காலமாக நின்று காசு வாங்கியவர்களோ மலைவாசிகள்.

அந்த மலைவாசிகளைச் சமாளிக்க வந்தவர் ராபர்ட் சாண்டமன் என்ற அதிகாரி. 1877 முதல் பலுசிஸ்தானில் வைஸ்ராயின் பிரதிநிதியாக இருந்தார். அவருடைய முறை எளிமையானது. இனக்குழுவின் தலைவரான சர்தாரைப் பிடி. அவருக்கு மாதாமாதம் பணம் கொடு. அவருடைய ஆட்களில் சிலரைச் சம்பளத்திற்குக் காவல்காரர்களாக வை. அவருடைய நிலத்தில் கம்பி அறுந்தாலும், அஞ்சல் பறிபோனாலும், தண்டவாளம் பெயர்ந்தாலும் அவரையே கேள். சண்டை சச்சரவு வந்தால் ஜிர்கா என்னும் பெரியவர்கள் சபையைக் கூட்டித் தீர்த்துக்கொள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான ஏற்பாடு அல்ல. துரை ஒவ்வொரு தொழிலாளியிடமும் பேசுவதில்லை. கங்காணியிடம் பேசுவார். கூட்டத்தைச் சேர்ப்பதும், வேலைக்கு எழுப்புவதும், ஓடிப்போனால் பதில் சொல்வதும் கங்காணியின் பாடு. தலைக்காசும் அவருக்குத்தான். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தோட்டத்துக் கூட்டம் கடல் கடந்து வந்தது. பலூச் மக்களோ தங்கள் சொந்த மண்ணிலேயே இப்படி மேய்க்கப்பட்டார்கள்.

சாண்டமன் முறை பலூச்களிடம் ஓரளவு பலித்தது. சர்தார் சொன்னால் கேட்கும் வழக்கம் அவர்களிடம் இருந்ததே காரணம். ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவும் இருந்தது. தன் மக்களின் ஆதரவை நம்பி இருந்த சர்தார், இப்போது பிரிட்டிஷ் பணத்தை நம்பி இருக்கத் தொடங்கினார்.

நூற்றொரு நாளில் 215 கிலோமீட்டர்

1878 நவம்பரில் இரண்டாம் ஆப்கான் போர் மூண்டது. இரயில் இல்லாத குறை முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. படைக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒட்டகங்கள்தான் சுமந்தன. பல்லாயிரக்கணக்கில் அவை செத்து விழுந்தன. சிந்து, பஞ்சாப் கிராமங்களில் ஏழை விவசாயிகளிடமிருந்தும் மேய்ப்பர்களிடமிருந்தும் திரட்டிய ஒட்டகங்கள் அவை.

1879 செப்டம்பரில் காபூலில் பிரிட்டிஷ் தூதர் கவாக்னரி கொல்லப்பட்டார். உடனே காந்தஹாருக்கு இரயில் போட உத்தரவு வந்தது. சிந்துவில் உள்ள ருக் என்னும் இடத்தில் அக்டோபர் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தது. 1880 ஜனவரி 14ஆம் தேதி தண்டவாளம் சிபியை எட்டியது. சுமார் 215 கிலோமீட்டரை 101 நாளில் முடித்துவிட்டார்கள். வழியில் பெரும்பகுதி கச்சி சமவெளி, குடிக்கத் தண்ணீர் இல்லாத வெட்டவெளி. தொழிலாளர்களுக்கும் விலங்குகளுக்கும் வேண்டிய தண்ணீரைப் பின்னாலிருந்து இரயிலிலேயே கொண்டுவர வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அப்போது சுக்கூரில் சிந்து நதிக்குக் குறுக்கே பாலமே கிடையாது. இரயில் பெட்டிகளை மிதவையில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். அங்கே லான்ஸ்டவுன் பாலம் 1889இல்தான் வந்தது.

பாதைக்கு வைத்த பெயரே நோக்கத்தைச் சொல்லியது: காந்தஹார் அரசு இரயில்வே.

ஆனால் சிபி சமவெளியில் இருக்கிறது. காந்தஹாருக்குப் போக மலை ஏற வேண்டும். ஹர்னாய் பள்ளத்தாக்கு வழியாக ஏறும் வேலை தொடங்கிய சில மாதங்களில் இங்கிலாந்தில் தேர்தல் நடந்தது. முன்னேறிப் போகும் கொள்கையை எதிர்த்த கிளாட்ஸ்டன் பிரதமரானார். ஜூலை 27ஆம் தேதி காந்தஹாருக்கு அருகே மைவந்தில் பிரிட்டிஷ் படை படுதோல்வி அடைந்தது. செய்தி மலைகளில் பரவியதும், ஆகஸ்டில் ஹர்னாய் பாதையில் வேலை செய்துகொண்டிருந்த கூட்டத்தை மரி இனத்தவர் தாக்கினர். பலர் கொல்லப்பட்டனர். கூலி கொடுக்க வைத்திருந்த பணமும் பறிபோனது.

செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வந்த ஏழைகள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மரி மக்களுக்கும் அவர்களுக்கும் எந்தப் பகையும் இல்லை. இருந்தாலும் பேரரசின் முகமாக மலைக்குள் வந்து நின்றவர்கள் அவர்கள்தானே.

அக்டோபரில் இலண்டனிலிருந்து உத்தரவு வந்தது: இரயில் வேலையை நிறுத்து.

சாலை என்று சொல்லிப் போட்ட இரயில்

அடுத்து நடந்தது, அரசாங்க அலுவலகங்களின் சாமர்த்தியத்திற்கு நல்ல உதாரணம். 1883இல் பாதையை மீண்டும் போட முடிவானது. ஆனால் இரயிலை நிறுத்திய அதே கட்சி, அதே பிரதமர் ஆட்சியில் இருந்தார்கள். வெளியே சொன்னால் நாடாளுமன்றத்தில் கேள்வி வரும், இரஷ்யாவும் விழித்துக்கொள்ளும். ஆகவே திட்டத்திற்கு 'ஹர்னாய் சாலை மேம்பாட்டுத் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். பொறுப்பேற்றவர் கர்னல் ஜேம்ஸ் பிரவுன் என்ற இராணுவப் பொறியாளர். சாலை போடுகிறவர் தண்டவாளத்தையும் இரயில் எஞ்சினையும் காட்ட முடியாதல்லவா? அதனால் பொருள்களைக் கொண்டுபோகத் தற்காலிகத் தண்டவாளம் போடுவதுகூடத் தொடக்கத்தில் தவிர்க்கப்பட்டது. விலங்குகளின் முதுகிலும் வண்டியிலும் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு பெயரைக் காப்பாற்ற எத்தனை ஆள் உழைப்பு விரயமானது என்பதை எந்தக் கணக்கிலும் பார்க்க முடியாது.

1884இல் இரஷ்யா மெர்வ் நகரைச் சேர்த்துக்கொண்டது. 1885 மார்ச் 30ஆம் தேதி பஞ்ச்தேவில் இரஷ்யப் படை ஆப்கானியரை அடித்து விரட்டியது. போர் வந்துவிட்டது என்றே இலண்டன் நினைத்தது. இரயிலை நிறுத்திய அதே கிளாட்ஸ்டன், சூடான் செலவையும் சேர்த்து 1 கோடியே 10 லட்சம் பவுண்டை நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்கினார். சாலை என்ற வேடத்திற்கு இனித் தேவை இருக்கவில்லை. சிந்து-பிஷீன் அரசு இரயில்வே என்று வெளிப்படையாகவே பெயர் வந்தது.

அந்தப் பாதையில் இருந்த சப்பர் பிளவு என்ற இடத்தைப் பற்றி இரயில் வரலாறு எழுதியவர்கள் யாரும் எழுதாமல் விட்டதில்லை. மலையையே கோடரியால் பிளந்தாற்போல ஒரு செங்குத்தான இடுக்கு, சுமார் 5 கிலோமீட்டர் நீளம். கால் வைக்க இடமில்லாத பாறைச் சுவரில் சுரங்கம் குடைய வேண்டும். தொழிலாளர்களை மேலிருந்து கயிற்றில் கட்டிப் பாறையோரமாக இறக்கினார்கள். அந்தரத்தில் தொங்கியபடி முதல் ஆள் பாறையில் கடப்பாரையை அடித்து நிறுத்துவார். அதைப் பிடித்துப் பலகை போட்டு, அதன்மேல் நின்று அடுத்தவர்கள் வெடிக்குத் துளை போடுவார்கள். பக்கவாட்டிலிருந்து இப்படிப் பல துளைகள் குடைந்து உள்ளே போய்ச் சுரங்கத்தை இணைத்தார்கள். இடுக்கைக் கடக்க, ஆற்றுப் படுகைக்கு மேல் இருநூறு அடிக்கும் அதிக உயரத்தில் ஓர் இரும்புப் பாலம் எழுந்தது. 1887 மார்ச்சில் கன்னாட் இளவரசி அதைத் திறந்து வைத்தார். அவர் பெயரே பாலத்திற்கும்: லூயிஸ் மார்கரெட். கயிற்றில் தொங்கியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பதற்றத்தில் ஒரு பாதை போதாது என்று தோன்றியதால், போலன் கணவாய் வழியாகவும் இன்னொரு பாதை போட்டார்கள். 1885 கோடையில் அங்கே காலரா பரவி ஏராளமான தொழிலாளர்கள் மடிந்தனர். 1886 ஆகஸ்டில் குவெட்டாவுக்கு முதல் இரயில் போனது. ஆற்றுப் படுகையை ஒட்டி அவசரமாகப் போட்ட பாதை. சில ஆண்டுகளில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1890களில் முஷ்காஃப் பள்ளத்தாக்கு வழியாகப் புதிதாகப் போட்டார்கள். 2025 மார்ச்சில் ஜாஃபர் எக்ஸ்பிரஸ் சிக்கிக்கொண்டது அந்தப் பகுதியில்தான்.

அமீர் வாங்கிய தண்ணீர்

குவெட்டாவுக்கு அப்பால் கோஜாக் மலை. அதையும் குடைந்தார்கள். 1888இல் தொடங்கி 1891இல் முடிந்த அந்தச் சுரங்கம் 3.9 கிலோமீட்டர் நீளம். பாகிஸ்தானின் பழைய ஐந்து ரூபாய் நோட்டைப் பார்த்தவர்கள் அந்தச் சுரங்கத்தின் வாசலைப் பார்த்திருப்பார்கள். மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் சமன். அங்கிருந்து காந்தஹார் சமவெளியில் சுமார் நூறு கிலோமீட்டர்.

1892இல் பாதை சமனை எட்டியது. அங்கேயே நின்றது. ஆனால் காந்தஹார்வரை போடத் தேவையான தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் சமனில் குவித்து வைக்கப்பட்டன. சண்டை வந்தால் நாள்கணக்கில் காந்தஹாருக்குப் பாதை போட்டுவிடலாம் என்பது ஏற்பாடு.

அன்று ஆப்கானிஸ்தானை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மானுக்கு இது புரியாமலா இருக்கும்? தன் வயிற்றில் கத்தியைச் செருகியது போல் இருப்பதாக அவர் சொன்னார். தன் குடிமக்கள் அந்த இரயிலில் ஏறக்கூடாது என்றும் தடை போட்டார். பல பக்கக் கொள்கை அறிக்கைகளைவிட அந்த ஒரு தடை தெளிவாகப் பேசியது. அவர் நாட்டில் இரயிலே கிடையாது. கடைசிவரை அவர் அதை அனுமதிக்கவும் இல்லை. இரயில் போகும் இடத்திற்குப் பின்னாலேயே படை வரும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

1893 நவம்பரில் டூராண்டு எல்லைக்கோட்டு உடன்படிக்கை கையெழுத்தானபோது, பெரிய பெரிய பிரதேசங்களின் நடுவே ஒரு சிறிய ஷரத்தும் இருந்தது. சமனில் உள்ள புதிய பிரிட்டிஷ் பாசறைக்கான எதிர்ப்பை அமீர் கைவிடுகிறார். அதோடு, அந்த வட்டாரத்தில் ஓர் ஊற்றுநீரில் தாம் விலைகொடுத்து வாங்கியிருந்த உரிமையையும் பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுக்கிறார். பாசறைக்கும் இரயிலுக்கும் வேண்டிய தண்ணீரை அமீர் முன்கூட்டியே வாங்கிப் போட்டிருந்தார் என்பதை அந்த ஷரத்து காட்டிக்கொடுக்கிறது. வறண்ட நாட்டு அரசர் வறண்ட நாட்டு முறையில் போட்ட தடுப்பணை அது. அவருக்கு ஆண்டுதோறும் கொடுத்த 12 லட்சம் ரூபாய் 18 லட்சமாக உயர்ந்தது. தண்ணீர் கைமாறியது.

கைபர்: தலைவர் இல்லாத மக்கள்

ஆப்கானிஸ்தானுக்குள் போக இன்னொரு பெரிய வாசல் கைபர் கணவாய். தெற்கே போலனில் பலித்த முறை இங்கே பலிக்கவில்லை. அஃப்ரிடி மக்களிடம், ஒருவரைப் பிடித்தால் எல்லாரும் அடங்குவார்கள் என்று சொல்லத்தக்க ஒரு சர்தார் கிடையாது. ஒவ்வொருவனும் துப்பாக்கியோடு சபைக்கு வந்து தன் பங்குக்குப் பேசுவான். 1881இல் பணம் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டார்கள். அஃப்ரிடி மக்களையே சேர்த்துக் கைபர் ரைபிள்ஸ் என்ற காவல்படை அமைந்தது. ஆப்கானியத் தாய்க்குப் பிறந்த வார்பர்ட்டன் என்ற அதிகாரி பல்லாண்டு அங்கே இருந்து நல்லுறவை வளர்த்தார். வாரத்தில் இரண்டு நாள் கணவாய் திறக்கும், வணிகக் கூட்டங்கள் காவலோடு போகும்.

1897இல் அதெல்லாம் ஒரே மாதத்தில் கலைந்தது. எல்லை நெடுகப் புதிய கோட்டைகளும் எல்லைக்கோடும் கிளப்பிய கொதிப்பில் பழங்குடியினர் எழுந்தனர். ஆகஸ்டில் கைபர் கோட்டைகள் அவர்கள் கையில் விழுந்தன. அவர்களை அடக்கத் தீரா மலைக்குள் போன படைதான் 1857க்குப் பிறகு இந்தியாவில் திரட்டிய மிகப் பெரிய படைகளில் ஒன்று.

அடுத்து வந்த வைஸ்ராய் கர்சன் கணக்கை மாற்றினார். மலைக்குள்ளிருந்து வழக்கமான படையை எடு, உள்ளூர் ஆள்களை வைத்துக் காவல் செய், அடிவாரத்தில் இரயிலைத் தயாராக வை, கலகம் வந்தால் படை இரயிலில் ஏறி வரட்டும். 1901இல் வடமேற்கு எல்லை மாகாணம் உருவானது. இரயில் ஜம்ருத் கோட்டைவரை, அதாவது கணவாயின் வாய்வரை வந்து நின்றது. அதே 1901இல் எல்லைக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் புதிய வடிவம் பெற்றது. ஒருவன் செய்த குற்றத்திற்கு அவனுடைய கூட்டமே பொறுப்பு, அபராதமும் தண்டனையும் எல்லாருக்கும் என்பது அதன் உயிர்நாடி. பிரிட்டிஷார் போன பிறகும், பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் 2018வரை அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது.

இடையில் 1905இல் கைபரைச் சுற்றிக்கொண்டு காபூல் ஆற்றோரமாக ஒரு பாதை போடத் தொடங்கினார்கள். 1907இல் இரஷ்யாவோடு சமாதான உடன்பாடு வந்தது. வேலை கைவிடப்பட்டது, போட்ட தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. மறுபடியும் அதே கதை.

1919 மே மாதம் மூன்றாம் ஆப்கான் போர். கைபர் ரைபிள்ஸ் வீரர்களில் பெரும்பாலோர் சொந்த மக்களையும் பக்கத்து நாட்டையும் எதிர்த்துப் போரிட விரும்பாமல் வேலையை விட்டு விலகினர். படையே கலைக்கப்பட்டது. நாற்பதாண்டுப் பணமும் உறவும் கைகொடுக்கவில்லை என்றதும், கணவாய்க்குள்ளேயே இரயில் போட முடிவானது. 1920இல் கர்னல் கார்டன் ஹெர்ன் பாதையை அளந்தார். விக்டர் பெய்லி என்ற பொறியாளர் கட்டுமானத்தைக் கவனித்தார்.

இங்கே பெய்லிக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. அஃப்ரிடி, ஷின்வாரி மக்கள் வேண்டாம் என்றால் ஒரு கல்கூட நகராது. ஆகவே ஒப்பந்த வேலைகளை அவர்களுடைய மாலிக்குகளுக்கே, அதாவது ஊர்ப் பெரியவர்களுக்கே கொடுத்தார்கள். எந்த இனத்தவர் நிலத்தில் வேலை நடக்கிறதோ அந்த இனத்தவருக்குக் குத்தகை. மண் வெட்டுபவர் துப்பாக்கியைப் பக்கத்தில் சாத்திவிட்டு வெட்டினார். பலுசிஸ்தானில் சர்தாருக்கு மட்டும் போன பணம் இங்கே கொஞ்சம் பரவலாகக் கைக்கு வந்தது. எல்லைப்புற இரயில் வரலாற்றில் உள்ளூர் மக்களிடம் கொஞ்சமாவது பேரம் பேசிப் போட்ட பாதை இது. அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

1925 நவம்பரில் ஜம்ருத்திலிருந்து லண்டி கோட்டலுக்கு இரயில் ஓடியது. 34 சுரங்கங்கள், சின்னதும் பெரியதுமாக 92 பாலங்கள். 33 அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்து. முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் எஞ்சின் தள்ளும். இரண்டு இடங்களில் இரயில் நின்று, திசை மாறி, பின்பக்கமாக மேலே ஏறும். இறங்கும்போது கட்டுப்பாடு இழந்தால் தடுக்க, மேடு நோக்கி ஏறும் கிளைத் தண்டவாளங்கள் உண்டு. பாயிண்ட் எப்போதும் அந்தக் கிளைப் பக்கமே திரும்பியிருக்கும். இரயில் நிதானமாக வருகிறது என்று உறுதியானால்தான் காவலாளி அதை முக்கியப் பாதைக்குத் திருப்பிவிடுவார். நிலையங்களோ துப்பாக்கித் துளைகள் வைத்த குட்டிக் கோட்டைகள். பயணிகளை வரவேற்கும் நிலையங்கள் அப்படி இருப்பதில்லை.

1926இல் பாதை எல்லையை ஒட்டிய லண்டி கானாவரை நீண்டது. 1932இல் அந்தக் கடைசித் துண்டு மூடப்பட்டது. ஆறே ஆண்டு.

போட்டவர்கள் போன பிறகு

தண்டவாளம் வந்ததால் அங்கிருந்தவர்களுக்கு நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஹர்னாய் பாதையோரத்துக் கோஸ்ட் ஊரில் நிலக்கரி வெட்டினார்கள். குவெட்டாவின் பழங்கள் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போயின. 1935 மே 31 நிலநடுக்கத்தில் குவெட்டா தரைமட்டமானபோது, காயம்பட்டவர்களையும் வீடிழந்தவர்களையும் அந்த இரயில்தான் கீழே கொண்டுவந்து சேர்த்தது. யாருக்காகவோ போட்ட பாதையை மக்கள் தங்களுக்கு ஏற்றபடி பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆனால் அவர்களுடைய தேவைக்காகத் திட்டமிடாத பாதை, தேவை தீர்ந்ததும் கவனிப்பார் இல்லாமல் போனது. 1942 ஜூலையில் வெள்ளம் சப்பர் பிளவில் பாதையை அரித்தது. மீண்டும் கட்டவில்லை. லூயிஸ் மார்கரெட் பாலம் பிரித்தெடுக்கப்பட்டது. சிபி–ஹர்னாய் பகுதியில் 2006இல் பலூச் கிளர்ச்சியாளர்கள் பாலங்களைத் தகர்த்தனர். பல ஆண்டுகள் அங்கே இரயிலே இல்லை. அதே காலகட்டத்தில் கைபர் பாதையையும் வெள்ளம் சேதப்படுத்தியது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பெஷாவர் விமான நிலைய ஓடுபாதையைக் குறுக்கே கடந்து லண்டி கோட்டலுக்குப் போய்வந்த நீராவி இரயிலும் அதோடு நின்றது.

போலன் பாதை இன்றும் ஓடுகிறது. குவெட்டாவையும் பாகிஸ்தானின் பிற நகரங்களையும் இணைக்கும் அந்த இரயிலில் போகிறவர்கள் சிப்பாய்கள் மட்டுமல்ல. மருத்துவமனைக்குப் போகும் முதியவரும், விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவரும், குழந்தையோடு தாய்வீடு போகும் பெண்ணும் அதில்தான் ஏறுகிறார்கள். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் சில நாள் சேவை நிற்கிறது, பாதையைச் சரிசெய்கிறார்கள், காவலர்கள் கூடுகிறார்கள், இரயில் மறுபடி புறப்படுகிறது.

சமன் நிலையத்தோடு தண்டவாளம் முடிகிறது. காந்தஹார் அங்கிருந்து நூறு கிலோமீட்டர்தான். இதுவரை அங்கே எந்த இரயிலும் போனதில்லை.